சாரணியர் அடைத்த வேலி

“உமக்கு வேற வேலை இல்லையோ? எங்கடை பெட்டையள் தொப்பி போட்டுக்கொண்டு என்ன செய்தவையெண்டு அறிய இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர். போய் ரீச்சரிட்டைக் கேளும், வடிவாச் சொல்லுவா. என்னட்டைக் கேட்டால் என்ரை காணியிலை போன ஒரு முழத்தைப் பற்றித்தான் சொல்லுவன்.”

கேட்க வருகிறவர்களை முதலில் இப்படித்தான் ஏசுவேன். ஒருவரும் எழும்பிப் போவதில்லை. ஆகவே சொல்லவேண்டியிருக்கிறது.

நான் சின்னவளாக இருந்தபோது சாரணியர் என்றால் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். வெள்ளைச் சொக்ஸ், மினுங்கும் சப்பாத்து. எல்லாருக்கும் சகோதரியாக இருப்போம் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்வார்கள். வெறுங்காலில் போன எங்களை வரிசையின் கடைசியில்கூட நிற்க விடவில்லை. சப்பாத்து இல்லாதவள் எப்படிச் சகோதரியாவாள்? பிறகு இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சாரணியரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இப்போது எல்லாம் திரும்பி வந்திருக்கிறது. சப்பாத்து இல்லாவிட்டாலும் சேர்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் செய்கிற நன்மையைப் போனில் படம் பிடித்து அனுப்பவேண்டுமாம். படம் வராவிட்டால் நன்மையும் வராது.

என் மகளின் மகள் அதில் சேர்ந்தாள். மலைநாட்டில் ஐந்து நாள் பாசறை நடக்கப்போகிறது என்றார்கள். அதற்குப் போவதென்றால் சொந்தமில்லாத ஒருவருக்கு ஒரு மாதம் உதவி செய்து, கொப்பியில் அவருடைய கையெழுத்தை வாங்கவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஓர் ஊரும் பார்க்காத பிள்ளை. குளிருக்குப் போட ஒரு சுவெற்றரைக்கூட முன்கூட்டியே இரவல் வாங்கி வைத்துவிட்டாள்.

புங்குடுதீவில் சொந்தமில்லாத ஆளுக்கு எங்கே போவது? எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டு, ஆட்கள் கனடாவில். மிச்சப் பேர் எல்லாரும் ஏதோ ஒரு முறையில் மாமி, மச்சாள். சாரணியருக்குப் பொறுப்பான ரீச்சர் யோசித்து ஒரு வழி சொன்னார். பேச்சில்லாதவர்களைச் சொந்தமில்லாதவர்களாக எடுக்கலாமாம். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு இருந்தது ஒரே ஆள், பக்கத்து வீட்டு மச்சாள். எனக்கும் அவளுக்கும் வேலிச் சண்டையால் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

“அவவிட்டையோ போகப்போறாய்?”

“எதிரிக்கும் உதவி செய்யவேணுமெண்டு ரீச்சர் சொன்னவ, அம்மம்மா.”

“எனக்கு ஒருநாள் ஒரு கோப்பை கழுவித் தந்திருப்பியோ?”

“நீங்கள் சொந்தம். உங்களுக்குச் செய்தால் சேராது.”

ஒரு மாதமாக மச்சாள் வீட்டு முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவளுடைய ஆட்டுக்குக்கூடக் குளிப்பு நடந்தது. என் முற்றத்தில் சருகு காலை மூடியது.

கடைசிக் கிழமை மச்சாள் வேலி அடைக்கப்போவதாகச் சொல்லி, பேத்தியோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தின் எட்டுச் சாரணியரையும் மறித்துப் பிடித்தாள். எதற்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். அன்றைக்கு அலவாங்கு, கயிறு, ஓலை எல்லாவற்றோடும் ஆயத்தமாக இருந்தவள் மச்சாள்தான். நான் காலமையே பிறஷர் மருந்து எடுக்கக் கிளினிக்குக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேலிக்கு நடுகிற கதியால் தடியெல்லாம் நட்டு முடிந்து, ஓலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓலை வேலி கட்டுவதென்றால் ஒருவர் அந்தப் பக்கமும் ஒருவர் இந்தப் பக்கமும் நின்று, குத்தூசியால் கயிற்றைக் கொடுத்து வாங்கவேண்டும். அதனால் நாலு பெட்டைகள் என் முற்றத்தில் நின்றார்கள். வெயிலில் முகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. பாவமாக இருந்தது. தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்போம் என்று சீனியைக் கரைத்து வைத்துவிட்டு, வேலியோரம் நின்ற என் மரத்தில் தேசிக்காய் பிடுங்கப் போனேன்.

மரத்தைக் காணவில்லை.

ஓலை கட்டாத இடைவெளியால் பார்த்தேன். மரம் மச்சாளின் வளவுக்குள் நின்றது.

“ஆரடி கதியால் நட்டது?”

“நாங்கள்தான் ஆச்சி!” எட்டுப் பேருக்கும் பெருமை தாங்கவில்லை. “பழைய வேலி வளைஞ்சு கிடந்தது. கயிறு பிடிச்சு நேராக்கிப்போட்டம்.”

“கயித்தின்ரை மற்ற நுனியை ஆர் பிடிச்சது?”

என் பேத்தி நிலத்தைப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மச்சாள் வாய் திறந்தாள்.

“பிள்ளையள் நேராத்தான் போட்டிருக்குதுகள், மச்சாள். வளைஞ்சு கிடந்தது உம்மடை பக்கம்.”

நான் தொடங்குவதற்குள் பேத்தி இடைவெளியால் முகத்தை நீட்டினாள்.

“அம்மம்மா, கத்தாதேங்கோ. அவ இன்னும் சைன் வைக்கேல்லை. பின்னேரம் ரவுணிலையிருந்து சாரணியர் பெரிய மிஸ் பாக்க வாறா.”

அவள் கையில் கொப்பி. கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது. மச்சாள் பேனையைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். இதே வேலிக்காகப் பொலிஸ்வரை போனவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போனேன். தேசிக்காய் இல்லாமல் வெறும் சீனித் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

பின்னேரம் ரவுண் மிஸ் வந்தார். நெஞ்சு நிறையப் பட்ஜ். வேலியைத் தடவிப் பார்த்தார்.

“என்ன ஒரு ஒற்றுமை! ரெண்டு வீட்டையும் பிள்ளையள் சேர்த்து வைச்சிருக்கினம். ஆச்சி, உங்களுக்கும் சந்தோசம்தானே?”

“ஓம் மிஸ். கூட்டுறதுக்கு முற்றம் ஒரு முழம் குறைஞ்சு போச்சு. எனக்கும் பெரிய உதவி.”

மிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மச்சாள் பேனையை எடுத்துத் தன் பெயரை ஆற அமர எழுதினாள். பேத்தி கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஒழுங்கைச் சனம் வேலி பார்க்க வந்தது.

“என்னணை ஆச்சி, இவ்வளவு காலம் சண்டை பிடிச்சுப்போட்டுக் காணியை விட்டிட்டியளோ?”

“நான்தான் பிள்ளையளிட்டைச் சொன்னனான், கொஞ்சம் இஞ்சாலை தள்ளி நடுங்கோ எண்டு,” என்றேன். “மச்சாளுக்கு உடம்பு வைச்சிட்டுது. பாவம், தன்ரை வளவுக்குள்ளை திரும்ப ஏலாமல் கிடந்தவ.”