கடைசிக் காட்சி ராஜா

நாடகம் நடக்கும்போதெல்லாம் சண்முகவேல் அண்ணாச்சி திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கி, முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் சாத்தூர் கலை மன்றத்தின் செயலாளர் அவர். மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் வேண்டுமென்று பொங்கலுக்கு ஓவியக் கண்காட்சி, சித்திரையில் நாடகம் என வருடந்தோறும் நிதி திரட்டினார். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன்.

நன்கொடை தந்த தீப்பெட்டி முதலாளிக்கு நாடகத்தின் நடுவிலேயே பொன்னாடை போடுவார். போட்டதும் முதலாளி எழுந்துவிடுவார். தொழிலாளர்களை ஏற்றி வந்த அவருடைய லாரியும் உடனே கிளம்பிவிடும். அதை விட்டால் அவர்கள் ஊரான அச்சங்குளத்துக்கு வேறு வண்டி கிடையாது. கடைசிக் காட்சியில் மட்டும் வந்து உயிரைவிடும் ராஜா, செல்லப்பாண்டி. லாரியில் வரும் அவன் மனைவி சண்முகத்தாய் அவனை மேடையில் பார்த்ததே இல்லை.

“பொன்னாடையைக் கடைசியில போடுங்க, அண்ணாச்சி” என்று கெஞ்சினேன்.

“பி.ஏ. படிச்சவன் சொன்னா சரிதாம்லே.”

அந்த வருடம் நாடகம் தடையின்றி நகர்ந்தது. பாதியில் முதலாளி ஒரு கொட்டாவி விட்டார். அடுத்த நிமிடம் அண்ணாச்சி பொன்னாடையோடு நடுமேடையில் நின்றார்.

லாரி போனபின் செல்லப்பாண்டி கிரீடத்தைக் கழற்றினான். “ஒத்திகைன்னு எங்க போய்த் திரியுதீகன்னு எம் பொண்டாட்டி கேக்கா. நான் எப்பதான் சாகுறது, அண்ணாச்சி?”

“அடுத்த வருசம் மொதக் காட்சியிலயே உன்னைக் கொன்னுபுடுதேன்லே. இது என் வாக்கு.”

அதற்குள் அண்ணாச்சி காலமாகிவிட்டார். நாடகமும் நின்றுபோனது. பிறகு எழுந்த கட்டடத்தின் வாசலில் முதலாளியின் பெயர் இருக்கிறது. இத்தனை பாடுபட்ட அண்ணாச்சிமேல் எரிச்சல்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சண்முகத்தாய்க்கு அவர் காட்டவேண்டிய ராஜா மட்டும் இன்னும் பாக்கி.