ஏ.சி. ஹாலில் ஒரு சத்தமில்லாத குழந்தை

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஹோட்டலுக்கு வரும் குழந்தைகளைப் பற்றி யாராவது ஒருவர் புலம்பிக்கொண்டே இருப்பார். மேஜைக்கு அடியில் புகுந்து ஓடியதாம், தண்ணீரைத் தட்டிவிட்டதாம், பக்கத்து மேஜைத் தட்டைப் பார்த்து அதுதான் வேண்டும் என்று அழுததாம். குழந்தைகளை உள்ளே விடவே கூடாது என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். யாரென்று பார்த்தால், டோல்கேட் பிரியாணிக் கடையில் கை கழுவும் இடத்தில் தொண்டைக்குள் விரல் விட்டுக் காறுகிறவர். அந்தச் சத்தம் கேட்டுப் பாதிப் பிரியாணியோடு எழுந்து போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரை உள்ளே விடலாமா என்று மட்டும் யாரும் எந்தக் குழுவிலும் கேட்பதில்லை.

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அடங்கி ஒடுங்கி நடந்துகொள்ளும் குழந்தையை நான் ஒரே ஒரு தடவை ஹோட்டலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

அது என் தங்கையைப் பெண் பார்த்த நாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று அவள் சொன்ன பிறகுதான் டிரைவர்கள் வண்டியை எடுப்பார்கள். அந்த வேலையை விடச் சொல்லி இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இவள் மாட்டேன் என்றாள், அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ பேச்சை எடுத்து, போட்டோ கைமாறி, இருவரும் ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைப் பேச்சை மட்டும் இரண்டு பேருமே தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள் போல. அவர் போன் வந்தால் இவள் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடுவாள். இவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். பிடித்த இடமும் தட்டிப் போனால் இவள் இனி யாருக்காகவும் பட்டுச் சேலை கட்டி நிற்கமாட்டாள் என்று எனக்குப் பயம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவை மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வர வேண்டுமானால் பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் டோல்கேட் பக்கம் லிப்ட் உள்ள ஒரு ஹோட்டலின் மாடியில் ஏ.சி. ஹாலில் சந்திப்பது என்று முடிவானது. அந்த அம்மா போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"பசங்கள மட்டும் இட்டுகினு வராதீங்கம்மா. போன தபா பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒரு வாண்டு எங்க தம்பி மேல சூப்ப ஊத்திச்சி. அத்தோட அந்த சம்பந்தமே பூட்ச்சி."

சரி என்றுவிட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு ஹார்பரில் பகல் ஷிப்ட் விழுந்தது. பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தது. ஐந்து வயது மகளை விட்டுவிட்டுப் போக இடமில்லை. அவளைப் பழக்கித்தான் கூட்டிப் போக வேண்டும் என்றானது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. வாசலை ஒட்டி கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை. லாரி வந்தாலும் பேச்சை நிறுத்தமாட்டோம், குரலைத்தான் ஏற்றுவோம். ஏர்ஹாரனுக்கு மேலே குரல் போனால்தான் உப்பு வேண்டுமா வேண்டாமா என்றே கேட்க முடியும். அப்பா முப்பது வருஷம் கப்பலில் துரு தட்டியவர், அவருக்குக் காதும் மந்தம். இந்த வீட்டில் பிறந்த குழந்தை சாதாரணமாக "அம்மா" என்று கூப்பிட்டாலே புது ஆட்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து நிற்பார்கள்.

தையல் மிஷின் மேல் பலகையைப் போட்டு ஹோட்டல் மேஜை ஆக்கினோம். அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சர்வரானார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேஷத்தில் அவர் அநியாயத்துக்கு ஊறிப்போனார். "இன்னா வேணும், சீக்கிரம் சொல்லு, பின்னால ஆளு நிக்குது" என்று எங்களையே விரட்டினார். ஒரு பக்கம் மகள், எதிரில் தங்கை. இரண்டு பேருக்கும் சேர்த்தே பயிற்சி நடந்தது. மகளுக்கு நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது, கத்தக் கூடாது, யார் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்ட வேண்டும். தங்கைக்குச் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, பிரியாணியை இரண்டாவது தடவை கேட்கக் கூடாது.

"அப்பால வேலையப் பத்தி வாயே தொறக்காத" என்றேன் தங்கையிடம். "அவங்க கேட்டா, பாத்துக்கலாம்னு சொல்லு. வேலைய வுட்டுடறேன்னு சொன்னாலும் தப்பில்ல."

"நான் ஏன் வுடணும்?" என்றாள் அவள்.

"கல்யாணம் ஆவட்டும். மீதிய அப்பறம் பாக்கலாம்" என்று வாயை அடைத்தேன். மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா இடையிடையே பொறி வைப்பார். "பாப்பாக்கு ஐஸ்கிரீம் வேணுமா?" என்று பவ்யமாகக் கேட்பார். இவள் "வேணும்!" என்று கத்தியதும், "அவுட்டு!" என்பார். மூன்று நாளும் இவள் அவுட்டானாள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இத பாரு, அங்க வந்து நீ வாயத் தொறந்த, சித்தி கல்யாணம் பூடும். தெர்தா?"

"பூட்ச்சினா திரும்பி வராதா?"

"வராது."

அவள் சித்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஐஸ்கிரீமுக்கும் மயங்கவில்லை, சாக்லேட்டுக்கும் மயங்கவில்லை. எவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் அந்தப் பக்கம் மாப்பிள்ளை, அவர் அம்மா, சூப் குளியல் கண்ட தாய்மாமா, மூன்று பேரும் வந்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் மாமா மேஜையின் கடைக்கோடி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, பையிலிருந்து பெரிய டர்க்கி டவலை எடுத்து வெள்ளைச் சட்டையை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல்தான் கூட்டி வந்தோம் என்று நான் கிசுகிசுத்தேன். அந்த அம்மாவும் ஏதோ கிசுகிசுத்தார். எனக்கு விளங்கவில்லை, தலையை ஆட்டினேன். அப்பாவுக்கு எதுவுமே விளங்கவில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை ஏதோ முணுமுணுத்தார், தங்கை பதிலுக்கு உதட்டை அசைத்தாள். லாரிச் சத்தம் எட்டாத அந்த ஹாலில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் துக்கம் விசாரிக்கக் கூடியிருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

பேச எதுவும் கிடைக்காததால் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த என் மகளைப் பார்த்தார்.

"பேரு இன்னா கண்ணு?"

மகள் தலையை ஆட்டினாள்.

"எந்த ஸ்கூலு?"

அதற்கும் அதே ஆட்டல்.

"கொயந்த பேசும் இல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"ஐயோ, நல்லா பேசும் ஆன்ட்டி. பேர சொல்லுடி."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதுவும் பொறிதான் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. அந்த மூன்று நாளில் எங்களிடம் அவள் எத்தனை தடவை அவுட்டாகியிருக்கிறாள்! உதடு இன்னும் இறுகியது.

அங்கிருந்து எல்லாம் தலைகீழானது. மாப்பிள்ளை அவளுக்கு லைம் ஜூஸ் சொன்னார். சத்தமில்லாமல் குடித்தாள். திராட்சை ஜூஸ் சொன்னார், அதையும் குடித்தாள். அப்பா ரைம்ஸின் முதல் வரியைப் பாடி எடுத்துக்கொடுத்தார். சர்வர் வந்து பூனை மாதிரி கத்திக் காட்டினார். பக்கத்து மேஜையில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் உருட்டி, "கோல்!" என்று அலறிக்கொண்டிருந்தான். அவன் அம்மா எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவளைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமாவே டவலை விலக்கிவிட்டு, தன் சூப் கிண்ணத்தை மேஜை முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்தா பாப்பா, வேணும்னா என் மேல ஊத்து. ஒரு வார்த்த பேசிடு."

அவள் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு காலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் சாய்ந்து, "வூட்ல அடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இல்லை ஆன்ட்டி, இல்லவே இல்லை என்று நான் உளறினேன். உளறியது இன்னும் சந்தேகமாக இருந்திருக்கும். அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. நாங்க வூட்டுக்குப் போய் கலந்துகினு சொல்றோம்."

இந்த வாக்கியம் எங்களுக்கு மனப்பாடம். முதல் சம்பந்தமும் இப்படித்தான் எழுந்தது, இரண்டாவதும் இப்படித்தான் எழுந்தது. மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அவரைப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். குழந்தையின் உதடு வெளுத்துப்போயிருந்தது. தங்கைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"வாயத் தொறடி கண்ணு. என் கல்யாணம் போனா போவுது."

லாரிக்கு மேலே எழும்பும் எங்கள் வீட்டுக் குரல் அது. ஹால் திரும்பிப் பார்த்தது.

"சித்தி! ஒண்ணுக்கு வருது!" என்றாள் மகள். பாட்டில் உருட்டிய பையன் பயந்துபோய் அவன் அம்மா மடியில் ஏறிக்கொண்டான்.

நான் எழுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. பாத்ரூம் எங்கள் மேஜைக்குப் பின்னால்தான். இரண்டு பேர் குரலும் கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"எவ்ளோ நேரமாடி அடக்கினு கீற?"

"சூப்பு வர்றதுக்கு முன்னாலேர்ந்து."

"சொல்றதுக்கு இன்னா?"

"வாயத் தொறந்தா சித்தி கல்யாணம் பூடும்னு சொன்னாங்க."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் தரை பிளந்து அப்படியே கீழே பார்சல் கவுன்டரில் போய் விழுந்துவிட மாட்டோமா என்றிருந்தது. மாமா மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்பாடா! இங்க பேசறது இப்பதான் என் காதுல வியுது. ரயில்வே கேட்டாண்ட குடியிருக்கற எங்கள மெதுவா பேசு மெதுவா பேசுன்னு எங்கக்கா சொல்லி இட்டாந்திச்சி. எப்பிடி வரும்?" என்றார்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி சரிப்படுத்த எதுவும் இல்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அந்த அம்மா மகளைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் உட்காராமல் தங்கையின் எதிரில் நின்றார். இப்போது அவர் பேசியது ரயில்வே கேட்டுக்கு உரிய குரலில்.

"எம்மா. இந்தக் கொயந்த உனுக்காக இவ்ளோ நேரம் அடக்கினு இருந்துகிது. நீ இன்னாத்த அடக்கினு குந்திகினு கீற? அதையும் சொல்லிடு."

தங்கை என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு உங்க புள்ளைய ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா வேலைய வுட மாட்டேன்."

மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். அவர் அம்மா கைப்பையை மேஜைமேல் வைத்தார். என் தங்கையின் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.

"உன்ன வேலைய வுடச் சொன்னது யாரு?" என்றார் அந்த அம்மா.

அப்பா ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார். நான் கரண்டியை நேராக்கி வைத்தேன். அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அவர்கள் வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. முந்தைய இரண்டு பேர் சொன்னதை இவர்களும் சொல்வார்கள் என்று முடிவு கட்டியது நாங்கள்தான். ஹாலில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

வாய் திறக்க அனுமதி கிடைத்திருந்த என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று, கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"எங்கம்மாதான்!"