பட்டி போட்ட விமானம்

வம்பு வந்த அன்று, சேரப்பணஞ்சேரி பாஞ்சாலிக்கு அந்தக் கம்பெனியில் நானூற்று எழுபத்தொன்றாம் நாள். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவளை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அது மேனேஜருக்கும் தெரியும். நானூற்று எழுபதைத் தாண்டிய பெண்கள் மேல் அங்கே திடீர் திடீரென்று குற்றம் முளைக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் சாலையோரத் தகர ஷெட் அது. துத்தநாகத்தை உருக்கி அச்சில் வார்த்து, வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் சேர்த்துவைக்கிற பொம்மை விமானங்கள் செய்தார்கள். பாஞ்சாலி பிசிறை அரத்தால் ராவுவாள். வார்ப்பில் காற்று அடைத்து ஓட்டை விழுந்திருந்தால் பட்டிப் பசை வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்ப்பாள். பெயின்ட் அடித்தபின் அவள் பட்டி போட்ட இடம் விரலுக்குக்கூடத் தட்டுப்படாது.

தொண்ணூற்றொன்று ஆடியில் புது ஆர்டர் வந்தது. உலகப் போரில் பறந்த விமானம். ரோஸ் நிறம். துப்பாக்கியே கிடையாது.

"சண்டைக்குப் போறதுக்கு ரோஸ் கலரா? பொண்ணு பாக்கப் போவுதாக்கா?" என்றாள் பக்கத்து ஸ்டூல் சந்திரம்மாள்.

"ஆமா, பவுடர் பூசிக்கினு போவுது. வேலயப் பாருடி."

ஒவ்வொரு விமானத்தின் வயிற்றிலும் ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. காற்று ஓட்டை இப்படி வரிசை பிடித்து விழாது. பாஞ்சாலி எழுந்துபோய் சூப்பர்வைசர் வெங்கடேசனிடம் காட்டினாள்.

"சார், எல்லாத்துலயும் ஒரே எடத்துல ஓட்டை கீது. இன்னா சார் இது?"

அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஓட்டைன்னா இன்னா பண்ணுவ? நேத்து வந்தவளா நீ? பட்டி போடு, போ."

போட்டாள். இரண்டு நாளில் இருநூறு விமானம்.

மூன்றாம் நாள் மேனேஜர் தாண்டவராயன் ஒன்றைத் திருப்பிப் பார்த்து அலறினான். அது கேமராவுக்கான ஓட்டையாம். சுடாமல், எதிரி ஊருக்கு மேலே பறந்து போட்டோ மட்டும் எடுத்துவரும் விமானமாம். விவரமெல்லாம் ஆபீஸ் மேஜையில் இங்கிலீஷில் கிடந்தது. ஷெட்டுக்குள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

"யாருய்யா பட்டி போடச் சொன்னது?"

"நா சொல்லல சார்," என்றான் வெங்கடேசன். "இவளாவே போட்டுக்கினா."

இந்த வாய்க்கா இத்தனை நாள் 'சார், சார்' என்று பதில் சொன்னோம் என்றிருந்தது பாஞ்சாலிக்கு. சந்திரம்மாளைப் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டவள். அவளுக்கும் நானூற்று அறுபது நாள் ஆகியிருந்தது. குனிந்து அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சுத்தமாக இருந்த அரத்தை.

தாண்டவராயன் டைப் அடித்த தாளை நீட்டினான். "தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போடு. பதினஞ்சு நாள் வூட்ல இரு. அப்பால புதுசா சேந்துக்கோ."

"புதுசான்னா? மொத நாள்லேந்தா?"

"பின்ன?"

அவள் போடவில்லை. வாட்ச்மேனை விட்டு கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள்.

இரண்டு மாதம் கழித்து தாண்டவராயன் ஸ்கூட்டரில் சேரப்பணஞ்சேரிக்கு வந்து, பல்லெல்லாம் தெரிய வாசலில் நின்றான். அந்த இருநூறையும் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான். ஓட்டை இல்லாத விமானம் அபூர்வம் என்று வெளிநாட்டில் அடித்துப் பிடித்து வாங்குகிறார்களாம். இன்னும் முந்நூறு வேண்டுமாம். மற்றவர்கள் போட்ட பட்டி குழி விழுகிறதாம்.

"உன் கைதாம்மா வோணும். நாளைக்கே வந்துடு."

"நானூத்தி எழுவத்திரண்டாம் நாளுன்னு எழுதிக் குடு. இப்பவே வரேன்."

"அதெல்லாம் ஆவாது. வோணும்னா கூலி ஏத்தித் தரேன்."

"அன்னிக்கு தப்புன்ன. இன்னிக்கு அதே தப்பு சரக்காயிடுச்சு. என் நாளு மட்டும் செத்துப்போச்சா?"

அவன் பையிலிருந்து ஒரு ரோஸ் விமானத்தை எடுத்து நீட்டினான். "புள்ளைக்கு வெளயாடக் குடு."

பாஞ்சாலி திருப்பிப் பார்த்தாள். வயிற்றில் இரண்டு பள்ளம். விலைபோகாத கழிவு.

"சந்திரா போட்டது. காயறதுக்குள்ள தேச்சிருக்கா," என்று அதை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள். "கெளம்பு. இங்க நிக்காத, நாறுது."

அடுத்த வாரம் படப்பையில் வேறொரு பட்டறையில் சேர்ந்தாள். அங்கே அது அவளுக்கு முதல் நாள்.