கஞ்சி குடித்த சுவர்

ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் மாசாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். பால் வெட்டுகிறவர்களுக்கே வேலையில்லை, வெள்ளையடிக்கிற ஐயாசாமியை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? அவனுக்கோ ஊர்ப் பக்கம் தலை காட்ட முடியாது. வேற்றுச் சாதிப் பெண் பேச்சியம்மாளை அவன் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அவளுடைய அண்ணன்மார் இன்னும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருப்பதாகப் பின்னால் வந்த ஆட்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கப்பல் என்றால் பட்டினிக்கு ஒரு முடிவு. இவர்கள் இருவருக்கும் அது சாவு.

துரை பங்களாவின் படுக்கையறைச் சுவர் தங்களைக் காப்பாற்றும் என்று ஐயாசாமி நம்பினான். சீமைக்குப் போன துரைசானி திரும்பி வருவதற்குள் சுவர் பளிச்சென்று ஆகவேண்டும் என்பது துரையின் உத்தரவு. அதைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ஜெயபாலன் வந்து சொன்னார்.

"அது சரியாகலைன்னா துரை முகத்துல நான் முழிக்க முடியாது. உன்னையும் வச்சிருக்க முடியாது, பாத்துக்க."

பாழாய்ப்போன அந்தச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. அடித்த வெள்ளை கொப்புளித்து உதிரும். உதிர்ந்த இடத்தில் கருப்பாகப் பூசணம் படரும். ஐயாசாமிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் சுவரைப் பிடித்து நிற்கச் சோற்றுக் கஞ்சி கலப்பான். அவன் ஊரில் எல்லோரும் அப்படித்தான் அடித்தார்கள், அங்கே அடிக்கிற வெயிலில் அது இறுகிக் காய்ந்தும் போயிற்று. ஜொகூர் மழைக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. வெள்ளை காய்வதற்கு முன்பே பூசணம் எட்டிப் பார்த்தது. கஞ்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கலந்தான். பூசணம் இன்னும் செழித்தது.

கஞ்சிக்கு அரிசி எங்கே? தோட்டத்தில் அளந்து கொடுக்கும் படியரிசி பாதியாகக் குறைந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி பேச்சியம்மாள், தன் பங்குக் கஞ்சியை அப்படியே வடித்துக் கொடுத்துவிட்டு வெந்நீரைக் குடித்துப் படுத்தாள். கேட்டால், வாய்க்குப் பிடிக்கவில்லை என்றாள். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டு போனான்.

அடைமழையால் சில நாள் வேலை நின்றுபோயிற்று. திரும்பப் போனபோது பங்களா மூலையில் அவன் விட்டுவந்த கஞ்சிச் சட்டி மூடியபடியே இருந்தது. மூடியைத் திறந்தான். உள்ளே கருகருவென்று பூசணம். சட்டியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே பூசணம். பெண்டாட்டி வாயிலிருந்து பிடுங்கிப் பூசணத்துக்கு ஊட்டியிருக்கிறோம் என்று புரிந்ததும், அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு வெறி பிடித்தவனாக வேலை செய்தான். பழைய வெள்ளையைக் காரை தெரியுமட்டும் சுரண்டி எறிந்தான். வெளியே போய்ப் பார்த்தால், செடிப்பாத்திக்காகச் சுவரை ஒட்டி முழங்கால் உயரம் மண் அணைத்திருந்தது. ஓதம் அங்கிருந்துதான் ஏறியது. மண்ணை வெட்டித் தள்ளினான். அறைக்குள் கரியடுப்பு மூட்டிச் சுவரை உலர்த்தி, கஞ்சி கலக்காமல் வெறும் சுண்ணாம்பை மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசினான். தொட்டால் கையில் ஒட்டியது. ஒட்டினால் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டான்.

மழை வந்தது, போனது. சுவர் வெளேரென்று நின்றது. துரைசானி வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாளாம். ஐயாசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை இங்கேயே பிறக்கும் என்று பேச்சியம்மாளிடம் அடித்துச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை கிராணியைத் தேடிப் போனான்.

ஜெயபாலன் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். துரைக்கு ரொம்பத் திருப்தி என்றார். அப்புறம் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சுவர் வேலை இருந்துச்சு, அதைச் சொல்லியே இத்தனை நாளா உன்னைத் தள்ளித் தள்ளி வச்சேன். இப்பதான் முடிஞ்சிருச்சே. இனி துரைகிட்ட என்னத்தச் சொல்லி உன்னை நிறுத்துறது? அடுத்த கப்பல்ல ரெண்டு பேருக்கும் இடம் போட்டாச்சு."

அண்ணன்மாரைப் பற்றி ஐயாசாமி சொல்லிப் பார்த்தான், காலைப் பிடித்தும் பார்த்தான். அதெல்லாம் ஊர் விவகாரம் என்று சொல்லி, கிராணி அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.

லயத்து வீட்டுக்கு வந்து பேச்சியம்மாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அந்தச் சுவத்த அப்படியே விட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.