குளிர்பெட்டிக்குப் போட்ட வாய்ப்பூட்டு

பூட்டக்கா என்று அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாமலும் இல்லை. கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை, சர்வர்களின் இரைச்சல், ஏசி குளிருக்குத் தோளில் ஒரு சால்வை. யார் வந்து எந்த அனுமதி கேட்டாலும் அவளுடைய முதல் பதில் "முடியாது" என்பதுதான். பெரிய டாக்டர் வந்தபோதுகூட, "எதுக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றவள். அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

வீட்டிலும் அவள் ராஜ்யம்தான். ஆறாவது படிக்கும் மகளுக்கு ஏகப்பட்ட சட்டங்கள். அதில் முதலாவது, ஆபீஸ் நேரத்தில் அம்மாவுக்குப் போன் பண்ணக் கூடாது. ஒரு எழுத்து பிசகினால் ஒரு வார்டே ஸ்தம்பித்துவிடும் வேலை என்பது அவள் சொன்ன காரணம்.

அன்றைக்கு அவள் பூட்டியது ரத்த வங்கியின் காவல்காரனை. காவல்காரன் என்பது ஆளில்லை. குளிர்பெட்டியின் சூட்டை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதிவைத்து, ஆறு டிகிரியைத் தாண்டினால் மூன்றாம் மாடியில் சைரனை அலறவிடும் ஒரு புரோகிராம். சர்வரில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்டவற்றை டீமன் என்பார்கள். இவற்றின் வழியாகத்தான் கம்ப்யூட்டர் திருடர்கள் உள்ளே புகுகிறார்கள். அதனால், இந்தக் கோப்பைத் தொடலாம், இந்தக் கருவியோடு பேசலாம் என்று ஒரு சீட்டு எழுதிச் சர்வரின் அடிமடியிலேயே வைத்துவிட வேண்டும். சீட்டில் இல்லாத எதையும், நிர்வாகியின் பாஸ்வேர்டே கையில் இருந்தாலும், அந்த டீமன் செய்ய முடியாது.

சீட்டு எழுதவும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டு வாரம் எதையும் தடுக்காமல் வேடிக்கை மட்டும் பார்ப்பது. காவல்காரன் எங்கெல்லாம் போகிறான், எதையெல்லாம் தொடுகிறான் என்று பதிவாகும். பிறகு, பதிவில் இருப்பதற்கு மட்டும் அனுமதி, மற்றதெல்லாம் தடை. அவளும் அப்படியே வரிவரியாகப் பார்த்து எழுதினாள். காலை பத்து மணிக்குத் தடையை அமலுக்குக் கொண்டுவந்தாள். திரையில் சூடு நான்கு டிகிரி. எல்லாம் சமர்த்தாக ஓடியது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது. எதிர்வீட்டு அம்மா.

"உன் பொண்ணு சாவியத் தொலைச்சுட்டு ஒரு மணி நேரமா வெயில்ல படியில உக்காந்திருக்கா. அரை நாள் லீவாம். நான் இப்பதான் பார்த்தேன். இந்தா, பேசு."

"ஏண்டி, எனக்கு ஒரு போன் பண்றதுக்கென்ன?"

"நீதானேம்மா பண்ணக் கூடாதுன்னு சொன்ன."

திட்டத்தான் வாயெடுத்தாள். மனசு காவல்காரனிடம் போய்விட்டது. இரண்டு வாரத்தில் குளிர்பெட்டி ஒரு தரமாவது சூடானதா? இல்லை. சைரன் அடித்ததா? இல்லை. அடிக்காத சைரன் பதிவில் எப்படி இருக்கும்? பதிவில் இல்லாதது சீட்டில் எப்படி வரும்?

"ஆன்ட்டி கூடவே இரு, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சூடு எட்டே முக்கால் டிகிரி. மாடியில் சத்தமே இல்லை.

பத்தைத் தொட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் குப்பைக்குத்தான். அதில் இரண்டு பை ரத்தம் லேசில் கிடைக்காத வகை. மூன்று மணிக்குப் பிரசவ ஆபரேஷனுக்குப் போகும் ஒரு பெண்ணுக்காக எங்கிருந்தோ வரவழைத்தது. ரத்த வங்கிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் எங்கோ மேலே நின்றது. சால்வையை உதறிவிட்டுப் படியில் ஓடினாள். நாற்பத்திரண்டு வயது முழங்கால் இரண்டாம் மாடியிலேயே கெஞ்ச ஆரம்பித்தது.

ரத்த வங்கியில் ஈ காக்கை இல்லை. குளிர்பெட்டியின் கதவு ஒரு விரற்கடை திறந்து கிடந்தது. ஒரு பையின் குழாய் இடுக்கில் மாட்டியிருந்தது. குழாயை உள்ளே தள்ளிக் கதவை அறைந்து சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு மேலே இருந்த எண்ணைப் பார்த்தாள். 9.6. மூச்சுவிடவும் பயந்து பார்த்தாள். 9.7. அப்படியே நின்றது. பிறகு 9.5.

ஆபரேஷன் தியேட்டருக்குப் பை கொடுத்துவிட்டுத் திரும்பிய டெக்னீஷியன், அவள் சிநேகிதி, வாசலிலேயே உறைந்துபோனாள்.

"ஐயோ, சைரன் ஏண்டி அடிக்கல? அத நம்பித்தானே போனேன்!"

"நான்தான் அடிக்க விடல."

"முதல்ல உன் பூட்டு மொத்தத்தையும் தூக்கிப் போடு!"

"தாழ்ப்பாள் சரியில்லன்னு வீட்டையே இடிப்பாங்களா? நீ இங்கயே நில்லு. நகராத."

மறுபடியும் கீழே வந்து பதிவைத் திறந்தாள். சூடு ஆறைத் தாண்டியதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு வரி. சைரனைத் தொட முயன்றது, மறுக்கப்பட்டது. சைரனைத் தொட முயன்றது, மறுக்கப்பட்டது. எண்ணினாள். இருபத்தி இரண்டு. பாவி, இருபத்தி இரண்டு தரம் கத்தப் பார்த்திருக்கிறான். அத்தனை தரமும் அவள் கைதான் அவன் வாயைப் பொத்தியிருக்கிறது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சீட்டில் சைரனுக்கு ஒரே ஒரு வரி சேர்த்தாள். இதையும் நம்ப அவள் தயாராக இல்லை. இரண்டாம் முறையாகப் படியேறினாள். குளிர்பெட்டி ஐந்துக்கு இறங்கியிருந்தது. "பைங்க தப்பிச்சது" என்றாள் டெக்னீஷியன். உள்ளே இருந்த வெப்பமானியை வெளியே இழுத்துப் பூட்டக்கா தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். ஐந்தரை. ஆறு. ஆறே கால். ஒரு நிமிடம் ஒரு யுகமாகப் போனது.

சைரன் காது கிழிய அலறியது. வராந்தாவில் ஆட்கள் ஓடிவந்தார்கள்; யாரோ திட்டினார்கள். அவள் அதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. இடுப்பில் போன் அதிர்ந்தது. எதிர்வீட்டு எண்.

"அம்மா, நான்தான். போன் பண்ணலாமா? என்னம்மா அங்க அவ்வளவு சத்தம்?"

"அது கெடக்கு. நீ சொல்லு, எனக்குக் கேக்குது."

"ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

"வரேன்டி" என்று சைரனுக்கு மேலே கத்தினாள் பூட்டக்கா.