கால் எரிகிறது என்று அவன் சொன்னான்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எந்த வருஷம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்ததற்கு அடுத்து வந்த தை மாதம். அப்போது கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தேன். படுக்கை மாற்றுவது, நோயாளியைத் துடைத்துவிடுவது, பெட்பேன் கழுவுவது, இதுதான் வேலை. ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற வரைக்கும் எனக்குக் கை நன்றாக ஓடும். வெளியே நாலு ஆம்பளைகள் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகப் போய்விடுவேன். பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூட, சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

அந்தத் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பொட்டல் காட்டில் பைக் ரேஸ் வைத்திருந்தார்கள். ரோட்டில் ஓட்டுகிற ரேஸ் இல்லை. மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாகப் பாதை போட்டு, அதில் பைக்கோடு தாவிக் குதித்து ஓட்டுவது. மோட்டோகிராஸ் என்று சொன்னார்கள். அடிபடுகிறவர்களைப் பார்க்க எங்கள் நர்சிங் ஹோம் டாக்டரையும் வேனையும் கூப்பிட்டிருந்தார்கள். வர வேண்டிய நர்சுக்கு அம்மை போட்டுவிட்டது. அதனால் டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டருக்கு வயசு முப்பதுகூட இருக்காது. நல்ல பொறுப்பானவர். ரேஸ் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெரிய மேட்டடியில் அவர் வேனோடு நின்றுகொண்டார். பாதையின் மறுகோடியில் ஒரு வளைவு இருந்தது. ஒரு மேட்டில் தாவி இறங்கின உடனே திரும்ப வேண்டிய வளைவு. அங்கே ஒரு ஸ்ட்ரெச்சரும், அதைத் தூக்க இரண்டு பேரும், கூடவே நானும். கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்.

"ஆயாம்மா, யாரு உழுந்தாலும் மொதல்ல இத ஊதுங்க. நான் ஓடியாந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் தொட உடாதீங்க. ஹெல்மெட்டக் கழட்டவே கூடாது" என்றார்.

நான் முழித்ததைப் பார்த்து, எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "முருங்கைக்காய ஒடிச்சா ரெண்டு துண்டும் நார்ல தொங்குமில்லீங்க? கழுத்தெலும்பு ஒடஞ்சா அப்படித்தான். அந்த நாரு இருக்கற வரைக்கும் கை காலு வேலை செய்யும். இழுத்தா அத்துப்போயிரும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. அதைத்தான் இங்கே முதலில் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

எங்கள் வளைவில் கொடி காட்டுவதற்கு ஒருவர் மண்மேட்டின் மேல் நின்றிருந்தார். கணபதியில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், தலை நரைத்தவர், வாய் சும்மா இருக்காது. என் கழுத்தைப் பார்த்ததும், "ஏனுங்கம்மணி, கண்டக்டர் வேலைக்குச் சேந்துட்டீங்களா? எங்க, ஒருக்கா ஊதிக் காட்டுங்க, காந்திபுரம் போறவங்க எல்லாம் ஏறிக்கட்டும்" என்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. எல்லாம் ஆம்பளைகள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மத்தியானம் வரைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு பையன் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. ஸ்ட்ரெச்சர்காரர்கள் இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மைக்கில் அடுத்த ரேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். யாரும் எங்கள் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

அந்த ரேஸின் மூன்றாவது சுற்றில் இன்னொரு பையன் விழுந்தான். மேட்டிலிருந்து தாவினபோது முன்சக்கரம் மண்ணில் குத்தி, அவனைத் தலைகுப்புறத் தூக்கி வீசியது. வண்டி ஒரு பக்கம் உருண்டது. நான் பாத்தியைத் தாண்டுகிற மாதிரி மண்ணையெல்லாம் தாண்டி ஓடினேன். அவன் மல்லாக்கக் கிடந்தான். ஹெல்மெட் கண்ணாடி தெறித்துப்போய், முகமெல்லாம் சேறு. கண்ணைத் திறக்க முடியவில்லை. தலையை அசைக்காமல் முந்தானை நுனியால் இரண்டு கண்ணையும் துடைத்துவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"கால் எரியுதுங்க" என்றான்.

நான் காலைப் பார்த்தேன். வலது கால் பூட்ஸ் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. குதிகால் மண்ணில் ஒரு கோடு போட்டிருந்தது. நார் அறுந்துபோகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

மேட்டின் மேலிருந்து கொடிக்காரர் கத்தினார். "விசில ஊதுங்கம்மா! ஊதுங்க!" அவரால் இறங்கி வர முடியாது. பின்னால் வருகிற வண்டிகள் எங்கள் மேலேயே தாவி இறங்கிவிடாமல் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து விசிலை எடுத்து வாயில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு அத்தனை பேரும் என்னைப் பார்த்தபடி ஓடி வருகிறார்கள். காலையில் சிரித்த அதே ஆட்கள். விசில் வாயில்தான் இருந்தது, நான் ஊதவில்லை. இதை எப்படி எழுதினாலும் நம்ப மாட்டார்கள். உசிர் போகிற நேரத்தில் ஒரு பொம்பளைக்கு விசில் ஊத வெட்கமா என்று கேட்பார்கள். ஆமாம், வெட்கம்தான். கையை இறக்கிவிட்டேன்.

முதலில் ஓடி வந்தவர் அவனுடைய அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பக்கத்து ஊரில் தோட்டம் காடு உள்ள குடும்பம் என்று பிறகு தெரிந்தது. "சாமீ, எந்திரிச்சுக்க சாமி, ஒண்ணுமில்ல, அப்பா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அக்குளில் கையைக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருத்தர் விழுந்தால் உடனே தூக்கி உட்கார வைத்து சோடா உடைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். கீழே கிடக்க விடுவதுதான் பாவம்.

"வேண்டாமுங்க, டாக்டர் வரட்டுமுங்க" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். என் காதுக்கே கேட்கவில்லை. பெற்றவர் பிள்ளையைத் தூக்குகிறார், அதுவும் அந்த மாதிரி ஒரு பெரிய மனுஷர். நான் என்ன சொல்லித் தடுப்பது?

கூட்டத்தில் ஒருத்தன், "தொடலாமாடா?" என்று கேட்டான். அதற்கு இன்னொருத்தன் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "நர்சம்மாவே சும்மாதான நிக்குது. ஒண்ணுமில்லீன்னுதான் அர்த்தம். தூக்குங்கடா, ஜீப்புல போட்டுட்டுப் போயரலாம்."

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டேன்.

யாரோ ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார்கள். தலை பின்னால் தொங்கியது. அவன் "அப்பா" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. அஞ்சாறு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால் இரண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

டாக்டர் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். "கீழ வைங்க! அப்படியே வைங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு சத்தம் போட்டால் நின்றுவிடுகிற கூட்டம்தான் அது.

வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டாக்டர் தரையில் மண்டி போட்டு அவன் தலையை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். அவன் மயங்கிவிட்டான். டாக்டர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டினது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான் துடைத்துவிட்டேன். அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து பூட்ஸ் போட்ட கால் இரண்டையும் மடியில் வைத்திருந்தார்.

டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "ஆயாம்மா, நீங்கதான் மொதல்ல போனீங்க. நீங்க பாக்கறப்ப கால ஆட்டுனானுங்களா? அங்க கேப்பாங்க, எழுதிக் குடுக்கோணும்."

அந்த அப்பா என் முகத்தையே பார்த்தார். ஆட்டினான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் தூக்க விட்டீங்க? ஏன் விசில் ஊதலை?

"இல்லீங்க. ஆடலீங்க" என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப உழுந்தப்பவே போயிருச்சு" என்றார்.

அந்த ஒரு சொல்லால் அங்கே வைத்தியம் ஏதாவது மாறியதா, ஆடினது என்று தெரிந்திருந்தால் வேறு எதையாவது அவசரமாகச் செய்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தும் யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது, எப்படிப் புரட்டிப் போடுவது, எப்படிக் கழுவுவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வரச் சொல்லி டாக்டர் என்னையே அனுப்பினார். போக மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பத்து நாள் போனேன்.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பையன் கண்ணுல இருந்த சேத்தத் தொடச்சு உட்டது நீங்கதானாமுங்களே, கொடி காட்டுனவரு சொன்னாருங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் அது தோணுலியே" என்று அழுதார். எனக்கு அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பையன் நல்ல சிரிப்புக்காரன். "ஆயாம்மா, இன்னம் ஏழு சுத்து பாக்கி இருக்குது, அத ஆரு ஓட்டறது? நீங்க ஓட்டறீங்களா?" என்பான். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு புண்ணைக் கழுவுவேன். அப்பாதான் தினமும் அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். ஒருநாள் தனியாக என்னிடம் சொன்னார்.

"நான் தூக்குனதாலதான் இப்படி ஆச்சோன்னு நெனச்சு சோறு எறங்குலீங்க அம்மணி. தோட்டத்துக் கெணத்துல போய் நின்னுட்டு வந்தேன், ரெண்டு நாளு. அப்பறம் டாக்டர்தான், உழுந்தப்பவே கால் போயிருச்சு, எழுதியே இருக்குதுன்னாரு. அதுலதான் உசுரு நிக்குது."

எழுதியிருப்பது என்னுடைய பொய். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார் என்றால், அதை நான் எப்படிப் பிடுங்குவது? நான் செய்தது நல்லதற்குத்தான் என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் மனசு சொல்லிப் பார்த்தது. நல்லதற்கு இல்லை. நான் பயந்துபோய் எனக்காகச் சொன்ன பொய் அவருக்கு உதவினது, அவ்வளவுதான்.

கடைசி நாள் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பையன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஆயாம்மா, உழுந்ததுக்கு அப்பறம் கால் எரிஞ்ச மாதிரி ஒரு ஞாபகம் இருக்குதுங்க. உங்ககிட்டச் சொன்ன மாதிரியும் இருக்குது. அது நெசந்தானுங்களா?"

அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க கண்ணு. கனவா இருக்கும்" என்றேன்.

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றான். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்த அவன் அம்மா ஒரு பை நிறைய தட்டக்காய் பறித்துக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அவன் இன்னும் நாலு வருஷம் இருந்தான் என்று டாக்டர் சொல்லித் தெரியும். நான் பார்க்கப் போகவில்லை. இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வருஷம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பேரையும் படித்துப் பார்த்தேன், அவரேதான். இனிமேல் உண்மையைச் சொன்னால் கிணற்றடியில் போய் நிற்க அவர் இல்லை. கேட்டவனும் இல்லை. என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாததை, யார் என்றே தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன்.

காலை இழந்தவனிடம் மிச்சம் இருந்தது அந்தக் கடைசி எரிச்சலின் நினைப்பு ஒன்றுதான், அதையும் கனவு என்று சொல்லிப் பறித்துக்கொண்டேன். இன்றைக்கும் குளிக்கும்போது என் காலில் வெந்நீர் பட்டுச் சுரீரென்றால், ஆள் இல்லாத அந்தக் குளியலறையில் வாய்விட்டுச் சொல்கிறேன்: ஆமாங்க கண்ணு, நெசந்தான், எங்கிட்டத்தான் சொன்னீங்க.