கண்மாய்ப் பன்றியும் மதினியின் மக்காச்சோளமும்

வனவரின் பைக் வந்து நின்றபோது, என் மதினி பனையோலைகளில் பன்றிக்கறியைக் கூறு வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஒளிக்கவில்லை, ஓடவில்லை. இன்னொரு ஓலையை எடுத்து வரிசையின் கடைசியில் விரித்தார். எங்கள் பக்கத்து வேட்டையில், கூறு வைக்கும் இடத்துக்கு யார் வந்து நின்றாலும் அவருக்கும் ஒரு கூறு உண்டு. கூடப்போன நாய்க்கும் உண்டு. வனவருக்கு இந்த வழக்கம் தெரியாது. அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக எழுதிக்கொண்டார். வருவாய்த்துறையில் என் பணிக்காலம் முழுவதும் லஞ்சத்தைப் பல வடிவங்களில் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், ஊரறிய, நாய்க்குச் சமமாகப் பரிமாறப்பட்ட லஞ்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் கை வெள்ளி நிறமாகும்வரை மருந்து அடைத்துச் சேர்த்ததில், மல்லாங்கிணறு பக்கம் கொஞ்சம் கரிசல் காடு வாங்கினார். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. பிறர் காட்டில் களை எடுத்தவர்கள் நாங்கள். அண்ணன் இறந்தபின் கம்பெனியை விட்டுவிட்டு, அந்தக் காட்டில் மக்காச்சோளம் போட்டார். காட்டை ஒட்டி வறண்ட கண்மாய், கண்மாய் நிறையச் சீமைக்கருவேலம், அதற்குள் காட்டுப்பன்றிகள். கதிர் பால் பிடிக்கும்போது கூட்டமாக இறங்கும். தின்பதைவிட ஒடித்துப்போடுவது அதிகம். வேட்டு போட்டுப் பார்த்தார். பட்டாசு ஆலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பன்றிகள் அதற்கெல்லாம் தலைகூடத் தூக்கவில்லை.

முறைப்படி போகலாம் என்று சொன்னவன் நான்தான். மனுக்களை நானே எழுதினேன். குறை சொல்ல முடியாத மனுக்கள். வனத்துறை, கண்மாய் வனம் அல்ல என்றது. புதரை வெட்டப் பொதுப்பணித்துறையிடம் போனால், அவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார்கள். கண்மாயில் அதுவும் இல்லை. ஆக, பன்றி ஒரு துறைக்கு, புதர் இன்னொரு துறைக்கு, நஷ்டம் மட்டும் மதினிக்கு. இரண்டாவது வெள்ளாமையும் அழியத் தொடங்கியபோது ஊர் கூடி, புதர் வாசலில் வலை கட்டி, நாய்களை உள்ளே விட்டு, ஒரு பன்றியைப் பிடித்தது.

வனவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, என்ன வெடி வைத்தீர்கள் என்பது. பழத்துக்குள் வெடி வைத்துக் கொல்கிறவர்கள் உண்டு. எங்கள் வட்டாரத்தில் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். மதினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெடிக்கு எங்களுக்கென்ன பஞ்சமா ஐயா? அதை வச்சா மாடு கடிக்கும், பிள்ளைக எடுக்கும். நாங்க வலை கட்டித்தான் பிடிச்சோம்."

மானத்தைக் காப்பாற்றப் போய் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். யார் யார் என்று அடுத்த கேள்வி. ஊரே சுற்றி நின்றது. "என் காட்டுல நடந்தது. என் பேரை எழுதிக்கிடுங்க," என்றார்.

சிறைக்கே போகக்கூடிய வழக்கு. மதினி தப்ப நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காட்டில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. நாய் துரத்தி, பன்றி அதில் விழுந்து செத்தது என்று சொன்னால் போதும். வனவரும் நல்ல மனிதர், அப்படியே எழுதத் தயாராக இருந்தார். மதினி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"படிச்ச கொழுந்தனாரே, கெணத்துல விழுந்துச்சுன்னா கேசு போயிரும். என் சோளத்தைத் தின்னதும் அதோட போயிருமே. அதுவும் வயித்துக்குத்தான் வந்துச்சு, நானும் வயித்துக்குத்தான் கொன்னேன். பொய் எதுக்கு?"

இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டால்தானே அது, மாட்டேன் என்றுவிட்டார் மதினி. விருதுநகர் நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டபோது, கொன்றது நிஜம், குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. நீதிமன்ற நடைமுறையில் அதற்கு இடமில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் கூடப் போகிறேன். இப்போது பன்றியைச் சுடவும் அரசாணை வந்திருக்கிறது. விவசாயி மனுக் கொடுக்க வேண்டும், குழு பார்க்க வேண்டும், துறை ஆட்களே வந்து சுட வேண்டும், சுட்டதை யாரும் தின்னக் கூடாது. அதுவரை கதிர் முற்றாமல் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். கேட்டால், பன்றி தொடாத பருத்திக்கு மாறுங்கள் என்று அதிகாரிகள் அறிவுரை சொல்கிறார்கள். பன்றிக்கு யாரும் எந்த அறிவுரையும் சொன்னதாகத் தெரியவில்லை.

போன வாய்தாவில் அதே வனவர் சாட்சி சொல்ல வந்திருந்தார். வராந்தாவில் மதினியைப் பார்த்ததும், இந்த வருடம் பருத்திதானே போட்டிருக்கிறீர்கள் என்று அக்கறையாகவே கேட்டார்.

"மக்காச்சோளம்தான் ஐயா," என்றார் மதினி. "கதிர் பிடிக்கையில ஆள் விடுறேன். உங்க பன்னிய நீங்களே வந்து மறிச்சுக்கிடுங்க."

உள்ளே மதினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனார்.